இறங்கும்போது நிற்கிற வண்டி

ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தம்பி ஒரு படம் அனுப்பினான். சிவப்பு பொலிரோ பிக்கப், முன்னால் நான்கு மஞ்சள் விளக்கு, கண்ணாடிக்கு மேலே வேல், பக்கவாட்டில் தோகை விரித்த மயில். "எப்படிக்கா இருக்கு?" என்று ஒரு வரி. அடுத்த நிமிடமே, "நாலேகால் லட்சம் சொல்றாங்க, நாலுக்கு முடிச்சுடலாம்" என்று இன்னொரு வரி. 2024 ஜூன் மாதம் அது, அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அவனும் அப்பா அம்மாவும் ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில், இரண்டரை ஏக்கர் காபித் தோட்டத்தோடு இருக்கிறார்கள். வண்டி வாங்கலாம் என்று வீட்டில் முடிவானது அதற்கு ஒரு வாரம் முன்புதான். அந்த ஒரு வாரமும் அவன் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அலைந்தோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால், அவனைப் போல முதல் லோடு வண்டி வாங்கக் கிளம்புகிற பையன்களுக்கும், அதைவிட முக்கியமாக அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. மலையில் ஓட்டப்போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும்.

எங்களுக்கு ஏன் வண்டி என்றால், காபிப் பறிப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், அது முடிவதற்குள் மிளகு வந்துவிடும். அந்த நான்கு மாதமும் மலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படும். வாடகைக்குக் கேட்டால் இன்றைக்கு இல்லை நாளைக்கு என்பார்கள், நாளைக்குக் கேட்டால் ஐநூறு ரூபாய் கூட்டிச் சொல்வார்கள். காய்ந்த காபி மூட்டை களத்திலேயே கிடக்க, திடீரென்று மழை வந்து நனைந்த வருடம் உண்டு. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. 2024-இல் காபி விலை ஏறுமுகமாக இருந்ததால் கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு, பதினெட்டு ஆனதும் கார் லைசென்ஸ் எடுத்துவிட்டு, "நானே ஓட்டறேன், நம்ம லோடு இல்லாத நாள்ல வாடகைக்குப் போறேன்" என்று நின்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

ஆனால் முதல் முட்டுக்கட்டை வண்டியில் இல்லை, அவன் வயதில் இருந்தது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 4-வது பிரிவுப்படி, பதினெட்டு வயது ஆனால் கார் ஓட்டலாம், ஆனால் போக்குவரத்து வாகனத்தை, அதாவது மஞ்சள் போர்டு வண்டியை, இருபது வயது ஆகாதவர் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. குட்டி யானை ஆனாலும் பத்துச் சக்கர லாரி ஆனாலும் இதுதான் விதி. லைசென்ஸ் வகை பற்றிய குழப்பம் வேறு. அது 2024 நவம்பர் 6 அன்று தீர்ந்தது: கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி எழுதி வாங்காமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்தச் செய்தி வந்த அன்று தம்பி குதித்துக்கொண்டு ஃபோன் செய்தான். வயது விஷயம் அப்படியேதான் இருக்கிறது என்று நான் சொன்னதும் அமைதியாகிவிட்டான். "ஊர்ல எல்லாரும் ஓட்டறாங்கக்கா." ஓட்டுகிறார்கள்தான். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், வயது ஆகாதவன் கையில் ஸ்டியரிங் இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், நஷ்ட ஈடு மொத்தமும் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், பெயர் உள்ள அப்பாவின் தலையில் விழும். இரண்டரை ஏக்கரும் அதில் போய்விடும். அவனுக்கு இருபது ஆவது 2025 ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த வாரம். அதுவரைக்கும் பார்ப்போம், தேடுவோம், வண்டி கிடைத்தாலும் மாமாதான் ஓட்டுவார் என்று முடிவு செய்தோம். அவனுக்கு அது பெரிய வருத்தம். இப்போது நினைத்தால் அந்த ஏழு மாதம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. அவசரம் இல்லாதவனிடம் புரோக்கர் எதையும் திணிக்க முடியாது.

என் மனதில் இன்னொன்றும் இருந்தது, அதை அப்போது வெளியே சொல்லவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 30-ஆம் தேதி மலையிலிருந்து இறங்கிய ஒரு தனியார் பேருந்து 13-வது கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. நாங்கள் பிறந்ததிலிருந்து போய்வருகிற பாதை அது. இருபது வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் பேருந்தில் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும். அதே பாதையில் தம்பி ஒரு டன் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கப்போகிறான் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, சங்ககிரி லாரிகளில் இருபது வருடம் ஓட்டியவர். அந்த சிவப்பு பொலிரோவின் படத்தை அவரிடம்தான் காட்டினேன். தம்பி பக்கத்திலிருந்து இழுவை, குதிரைத்திறன், ஏற்றத்தில் எந்த கியரில் போகும் என்று அடுக்கிக்கொண்டே போனான். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏறலைன்னா வண்டி நின்னுதான் போகும் கண்ணு. கல்லு வெச்சுட்டு எறங்கி வந்துடலாம். எறங்கறப்ப நிக்கலைன்னா என்ன பண்ணுவ?"

எல்லோரும் வண்டி பார்க்கப் போனால் எப்படி ஏறும் என்றுதான் கேட்கிறார்கள். எப்படி இறங்கும் என்று கேட்டுப் பாருங்கள், பார்க்க வேண்டிய விஷயங்களே மாறிவிடும்.

சரி, சிவப்பு வண்டிக்கு வருகிறேன். ஆத்தூர்ப் பக்கம் இருந்தது, 2013 மாடல். நேரில் படத்தைவிட அழகாக இருந்தது. மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தோம், கோரிமேட்டில் பட்டறை வைத்திருப்பவர், மாமாவுக்குப் பழக்கம். (வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப் போவதற்கு ஐநூறோ ஆயிரமோ கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். விற்கிறவர் அழைத்து வரும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.) அவர் மயிலையும் விளக்கையும் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தது. "இது கல்லு மண்ணு ஏத்துன வண்டி" என்றார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கேபினுக்குப் பின்னால் சேஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், மேல் பளபளவென்று இருந்த கறுப்புப் பெயின்டை ஒரு இடத்தில் சுரண்டினார். உள்ளே வெல்டிங் தழும்பு, விரல் நீளத்துக்கு. தம்பியைக் கூப்பிட்டு அதன்மேல் விரலை வைக்கச் சொன்னார். அளவுக்கு மீறிச் சுமந்து சேஸ் விரிசல் விட்டு, அதை ஒட்டவைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்கிறவர் முகம் மாறிவிட்டது. திரும்பி வரும்போது தம்பி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மயில் அவ்வளவு பிடித்திருந்தது அவனுக்கு.

அன்று நான் கற்றுக்கொண்ட பாடம்: வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எதைச் சுமந்து ஓடியது என்று கேட்க வேண்டும். மீட்டரைத் திருப்பி வைக்க முடியும், பட்டையையும் சேஸையும் அப்படி ஏமாற்ற முடியாது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட, பிஸ்கட் பெட்டி ஏற்றிய ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டி நல்ல வண்டி.

அடுத்து ஒரு டாடா ஏஸ் பார்த்தோம், நம் குட்டி யானை. 2005-இல் வந்ததிலிருந்து இன்றுவரை சின்ன வியாபாரிகளின் அடுப்பு எரிவதில் பாதி அந்த வண்டியால்தான் என்று நான் நினைக்கிறேன். விற்றவர் உழவர் சந்தைக்குக் காய்கறி ஏற்றியவர். எதையும் மறைக்கவில்லை, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று அவரே சொன்னார். விலை ஒன்று அறுபது. எனக்கு மனதுக்குள் அதையே வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பழைய ஏஸில் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். சுமப்பது முக்கால் டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து. எங்களுக்கு ஒரு நடைக்கு இருபது, இருபத்திரண்டு மூட்டை வரும். சின்ன வண்டி என்றால் இரண்டு நடை போகலாமே என்று கணக்கில் சொல்லலாம். ஆனால் தோட்டத்தில் ஐந்து மூட்டை மிச்சம் கிடந்து, மழை வருகிற மாதிரி இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் "அதையும் போட்டுக்கோ தம்பி" என்றால், பத்தொன்பது இருபது வயதுப் பையன் மாட்டேன் என்று சொல்வானா? எனக்கு நம்பிக்கை இல்லை. அளவுக்கு மேல் சுமக்கிற சின்ன வண்டி இறக்கத்தில் மிக ஆபத்தானது, ஏனென்றால் அதன் பிரேக் அந்த எடைக்குச் செய்யப்பட்டதே இல்லை. சமவெளியில் ஓட்டப்போகிற யாருக்கும் அந்த ஏஸை நான் தாராளமாகச் சொல்லியிருப்பேன்.

நடுவில் தவணை கட்டாமல் தூக்கி வந்த வண்டிகள் நிற்கிற ஒரு யார்டுக்கும் போனோம். விலை மலிவு. ஆனால் ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள், சாவி ஒன்றுதான் இருக்கும், எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, முடிந்திருக்கும், வரி பாக்கி எவ்வளவு என்று நாம்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். பத்து வண்டி வாங்கி விற்கிறவர்களுக்கு அது சரிப்படும், முதல் வண்டி வாங்குகிறவர்களுக்கு வேண்டாம்.

அப்படியே அக்டோபர் போய்விட்டது. தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணன் ஃபோன் செய்தார். கன்னங்குறிச்சியில் ஒரு அசோக் லேலண்ட் தோஸ்த், 2016, ஒரே ஓனர், மூன்று பதினைந்து கேட்கிறார். "என்ன ஏத்துனாங்கண்ணா?" என்று தம்பிதான் முதலில் கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதில் அதைவிட நன்றாக இருந்தது: மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. வண்டி நிறைய ஏற்றினாலும் கால் டன் வராது.

தோஸ்த் ஓசூரில் செய்கிற வண்டி, மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சின், ஒன்றேகால் டன் சுமக்கும். எங்கள் மூட்டைக் கணக்குக்கு அது சரியாக இருபத்தைந்து. மொத்த எடை 3000 கிலோவுக்குள் வருவதால் பர்மிட்டும் தேவையில்லை. (மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குச் சட்டம் அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது. ஆர்சியில் எழுதியிருக்கிற எடையைப் பாருங்கள், புரோக்கர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

காலை ஆறே முக்காலுக்கெல்லாம் போய்விட்டோம். இதற்கும் காரணம் உண்டு. டீசல் வண்டியின் குணம் ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சூடான எஞ்சின் எல்லா நோயையும் மறைக்கும். அண்ணன் போனவுடன் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. (வேறொரு இடத்தில் அது சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அந்த வண்டியை அதற்கு மேல் பார்க்கவில்லை.) ஸ்டார்ட் செய்ததும் தம்பியைப் பின்னால் நிற்க வைத்துப் புகையைப் பார்க்கச் சொன்னார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சின் வேலை. கறுப்பாகவே வந்துகொண்டிருந்தால் இன்ஜெக்டர் அல்லது ஏர் ஃபில்டர். வெள்ளையாக வந்து, சூடான பிறகும் நிற்காமல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டியில் முதலில் லேசாக வெள்ளை வந்து, ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடுத்து சீட்டைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே வைத்தார். ரயில் எஞ்சின் மாதிரி புஸ் புஸ்ஸென்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை. ஸ்பிரிங் பட்டை கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி. சேஸில் துரு இருந்தது, ஆனால் பழைய, காய்ந்த, யாரும் பெயின்ட் அடித்து மூடாத துரு.

டயரில் மட்டும் சறுக்கினார்கள். பட்டன் ஆழமாக, புதிது போல இருந்தது. அண்ணன் டயரின் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்க எண்ணைத் துடைத்துக் காட்டினார்: 0917. 2017-ஆம் வருடத்தின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். ஏழரை வருடம் பழையது. ரப்பர் இறுகி, ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு. மெத்தை ஏற்றிக்கொண்டு டவுனில் ஓடியதால் தேயவில்லை, அவ்வளவுதான். மழையில் நனைந்த மலை ரோட்டில் அந்த டயர் பிடிக்காது. பேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டேன்.

ஆனால் முக்கியமான பரீட்சை இன்னும் பாக்கி. மாமா, "லோடு ஏத்தி, மலை எறங்கிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எந்த ஓனர் இதற்குச் சம்மதிப்பார்? இவர் சம்மதித்தார். டீசல் நாங்கள் போடுவது, அவரும் கூடவே வருவது என்று பேச்சு. அதற்குள் டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்து மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்று, ஊரே அல்லோலப்பட்டது. எல்லாம் சரியாகி நாங்கள் கிளம்பும்போது டிசம்பர் மூன்றாவது வாரம் ஆகிவிட்டது. ஏறும்போது களம் பூசுவதற்குப் பதினைந்து மூட்டை சிமென்ட். இறங்கும்போது எங்களுடையதும் பக்கத்துத் தோட்டத்தாருடையதுமாகப் பதினெட்டு மூட்டை காபி, தொள்ளாயிரம் கிலோ. முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். மாமா ஸ்டியரிங்கில், பக்கத்தில் அண்ணனும் ஓனரும். தம்பியும் நானும் பைக்கில் பின்னால்.

ஒண்டிக்கடையைத் தாண்டி இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே தம்பி தலையைத் திருப்பிக் கத்தினான்: "அக்கா, பிரேக் லைட்டே எரியல பாரு. பல்பு போயிருக்கு, இதையும் சொல்லணும்." நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் எரியவே இல்லை. வண்டி மட்டும் சீராக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. வண்டி திரும்பி மறுபடியும் அதே நிதானத்தில் இறங்கியது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் பின்னால் தள்ளி வந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான். மாமா இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினை வைத்தே வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரேக்கை வளைவுக்கு மட்டும்தான் தொட்டார். நடுவில் எங்களைத் தாண்டிப் போன ஒரு கார் கீழே வரை விளக்கை அணைக்கவே இல்லை. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பு குறையும். சூடு அளவு மீறினால் பிரேக் ஆயிலே கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழசாக ஆகச் சீக்கிரம் கொதிக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு, இன்னும் சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்குகிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி செய்கிற வேக்குவமும் நின்றுவிடும், இரண்டு மூன்று அமுக்கலுக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஐம்பது ரூபாய் டீசலுக்காக இதைச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். அண்ணன் இறங்கியதும் டீக்கடைக்குப் போகாமல் சக்கரம் சக்கரமாகப் போய்ப் புறங்கையை அருகில் கொண்டுபோனார். தொடவில்லை, ஒரு விரற்கடை தள்ளி. பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "வலது பின்னாடி வை... ம். இப்ப இடது பின்னாடி வை." தம்பி கையை வைத்த வேகத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நானும் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தோசைக்கல் ஆறிய சூடு. இடப்பக்கம் அடுப்பிலிருந்து இறக்கிய சூடு, லேசாகக் கருகிய வாடை. இடது பக்கத்து வீல் சிலிண்டர், அதாவது பிரேக்கை விரித்து அமுக்குகிற பாகம், பழைய நிலைக்குத் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. ஓனருக்கு உண்மையிலேயே தெரியாது. மெத்தையோடு சமதரையில் ஓடிய வண்டியில் எட்டு வருடமும் அது தெரிந்திருக்க வழியே இல்லை. தொள்ளாயிரம் கிலோவும் இருபது வளைவும் சேர்ந்துதான் அதை வெளியே கொண்டுவந்தன.

அங்கேயே நின்று பேசினோம். டயர், பிரேக் வேலை இரண்டையும் சொல்லி இரண்டு தொண்ணூற்றைந்துக்கு முடிந்தது. பின்பக்கம் இரண்டு வீல் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் லைனிங்கும் பேடும், புது பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. நான்கு டயரும் புதிது. வண்டி விலைக்கு மேல் ஐம்பதாயிரமாவது கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். மூன்று லட்சம் இருக்கிறது என்று மூன்று லட்சத்துக்கு வண்டி பார்த்தால், டயர் மாற்றக் காசில்லாமல் பழைய டயரோடுதான் பையன் ஓட்டுவான்.

பேப்பர் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன், அது என் வேலையாக இருந்தது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, கடன் எல்லாம் தெரியும். செலான் பாக்கியையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியின் கடன் 2020-லேயே கட்டி முடிந்திருந்தது, ஆனால் ஆர்சியில் எச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, அப்படியே இருந்தது. பைனான்ஸிலிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி அதை நீக்கினால்தான் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்ற முடியும். அதற்கு மூன்று வாரம் நடக்க வேண்டியிருந்தது. அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். சேஸ் எண்ணை ஆர்சியோடு ஒத்துப் பார்த்தேன். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் இனி வருடாவருடம் எஃப்சி காட்ட வேண்டும், அந்தச் செலவை மாதக் கணக்கில் இப்போதே எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டோம். இன்சூரன்ஸையும் உடனே அப்பா பெயருக்கு மாற்றினோம். பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் மலையிலேயே நிறைய பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

தம்பியிடம் நான் கேட்டு வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்று உண்டு. பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. தோட்ட வேலைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று லோடு வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போவது மலையில் அன்றாடம் நடப்பதுதான். கேட்கிறவர்கள் சொந்தக்காரர்கள், மறுப்பது கஷ்டம். "பஸ் காசு நான் தர்றேன்னு சொல்லுடா, ஏத்தாத" என்றேன். சரி என்றான். இதுவரை இரண்டு தடவை மறுத்திருக்கிறான், ஒரு பெரியப்பா இன்னும் பேசாமல் இருக்கிறார். பரவாயில்லை.

அவன் பிறந்தநாள் வந்தது. மாமா முதல் நான்கு நாள் வெறும் வண்டியோடு குப்பனூர்ப் பாதையிலும் அடிவாரப் பாதையிலும் மாற்றி மாற்றி ஏறி இறங்க வைத்தார். எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பதை ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தாராம். ஐந்தாவது நாள் இருபது மூட்டை ஏற்றினார்கள். சேலத்து லீ பஜாருக்குப் போக வேண்டும். அன்று எனக்கு விடுமுறை, நானும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன், மாமா ஜன்னல் பக்கம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது.

தம்பி பேசவே இல்லை. இரண்டாவது கியர், அதே நிதானம். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, இடம் வந்ததும் ஒதுங்கி அதைப் போகவிட்டான். 13-வது வளைவு வந்தபோது நான் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் ஒரு தரம் பிரேக்கைத் தொட்டு எடுத்தான், வண்டி திரும்பியது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கீழே சேலம் தெரிந்தது, காலைப் புகைமூட்டத்தோடு.

அடிவாரத்தில் அவனாகவே ஓரம் கட்டினான். இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தான். பின்பக்கம் இரண்டையும் இரண்டு முறை. மாமா டீ சொல்லப் போயிருந்தார். தம்பி ஃபோனை எடுத்தான், மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"எறங்கிட்டோம்மா."